மொட்டைமாடியில் உலர்ந்த சேலைகள்

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் ஹோஸும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். தை பிறந்துவிட்டால் முகூர்த்தங்கள் வரிசைகட்டி வரும். அதற்குள் மண்டபத்து ஏசி அத்தனையையும் கழுவிக் கொடுத்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு, அது சூடு ஆறும்வரை பொறுக்காமல் தண்ணீரைத் திறந்துவிட்டேன். எங்கள் ஆட்களில் யாராவது இதைச் செய்தால் நான் அரைநாள் பிரசங்கம் வைப்பேன். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. சுட்டுக் கிடந்த அலுமினியத் தகடுகளில் தண்ணீர் பட்டதும் புஸ்ஸென்று ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. அந்த வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அரைகுறையாய்க் காய்ந்த சேலையை அவசரத்துக்கு இஸ்திரி போடும்போது வருமே, அதேதான்.

தண்ணீரை நிறுத்தினேன். மனசு, பல வருஷத்துக்கு முந்தின வண்ணார்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றின் மொட்டைமாடிக்குப் போய்விட்டது.

ஏசியின் வெளிப்பெட்டியைத் திறக்கும்போது உள்ளே என்னென்ன கிடக்கும் என்று கேட்டால் நான் நாள் முழுக்கச் சொல்வேன். அணில் கூடு, வேப்பங்கொட்டை, பூக்கட்டிய வாழைநார், பஸ் டிக்கெட், பட்டத்து நூல், ஒருமுறை ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. எனக்கு எதையும் வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் மனசு அடங்கும். மீன்குழம்பு வைக்கச் சொன்னால்கூட ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொண்டு உட்காருவேன் என்று அம்மா கேலி செய்வாள். கேலி செய்யட்டும். குழம்பில் உப்பு மறந்ததில்லை.

பருவங்களைக்கூட நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த கார்காலம், கூதிர்காலம் எல்லாம் எங்கள் தொழிலுக்கு ஒத்துவராது. எங்களுக்கு வருஷம் மாசியில் தொடங்கும். வெயில் வருவதற்குள் ஊரெல்லாம் ஏசி கழுவ வேண்டும். ஆனி பிறந்தால் குற்றாலத்து விடுதிகளில் வெந்நீர் மெஷின்களைத் திறந்து உப்புப் படிவு சுரண்ட வேண்டும். அருவியில் ஐஸாய்க் குளித்துவிட்டு அறைக்கு வந்து வெந்நீர் கேட்கிற ஜனம் நம்முடையது. ஆடியில் மேற்கு மலைக் கணவாய்க் காற்று வந்து இருக்கிற தூசியையெல்லாம் வாரிக்கொண்டு போய் மெஷினுக்குள் திணிக்கும். சாத்தான்குளம் பக்கம் ஒரு கடையில் வெளிப்பெட்டியைத் திறந்தால் காவி பூசின கோயில் சுவர் மாதிரி இருக்கும், அவ்வளவும் தேரிக்காட்டுச் செம்மண். பிறகு புரட்டாசி. தீபாவளி யாவாரத்துக்கு முன்னால் ஜவுளிக்கடை, நகைக்கடை, ஓட்டல் எல்லோரும் ஒரே நாளில் போன் செய்து, நேற்றே ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் காணாமல் போவார்கள். குலசேகரன்பட்டினத்து அம்மன் கோயில் தசரா; அந்த ஊரை நாங்கள் குலசை என்போம். மாலை போட்டு, ஒருவேளைச் சாப்பாட்டில் இருந்து, காப்புக் கட்டியதும் வேஷம் போட்டு, மேளத்தோடு ஊர் ஊராய்க் காணிக்கை பிரிக்கக் கிளம்பிவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த சின்னக் கம்பெனியில் என்னையும் சாரையும் தவிர எல்லோருக்கும் நேர்ச்சை இருந்தது. சார் என்றால் எங்கள் முதலாளி. அவருக்கு நேர்ச்சை இல்லாததற்குக் காரணம் பக்தியின்மை அல்ல, பசி தாங்க மாட்டார்.

அப்போது என்னோடு வேலைக்கு ஜோடியாக வந்தவர் இசக்கி அண்ணன். ஆறடி ஆள், பட்டை மீசை. வருஷா வருஷம் காளி வேஷம். மாலை போட்ட நாளிலிருந்து பொய் சொல்ல மாட்டார். இது பக்திக்கு நல்லது, தொழிலுக்கு ஆகாது. மற்ற மாதங்களில், எப்போது சரியாகும் என்று யார் கேட்டாலும் "பத்து நிமிசம் அண்ணாச்சி" என்பார். மாலை போட்டபின் அதே கேள்விக்கு மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெரியல" என்பார். கடைக்காரர்கள் நிலைகுலைந்து போவார்கள். பத்து நிமிசம் என்பது பொய்யென்று அவர்களுக்கும் தெரியும், ஆனால் அதைக் கேட்காவிட்டால் மனசு ஆறாது.

நான் சொல்ல வந்த புரட்டாசியிலும் அவர் காளியாகப் போய்விட்டார். நான் பாலிடெக்னிக் முடித்து வந்து அதிக நாள் ஆகவில்லை. தனியாக டூல் பையைத் தூக்கிக்கொண்டு அந்த ஜவுளிக்கடைக்குப் போய்வந்தேன்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரே அங்கேதான் பட்டெடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் கதவைத் திறந்தாலே குளிர் வந்து தெருவில் போகிறவர்களைக் கூப்பிடும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சேலை வாங்குகிற மாதிரி உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்கள். மேலே மொட்டைமாடி வேறு ஊர். ஒரு பக்கம் வெளிப்பெட்டிகள் வரிசையாக நின்று அனல் கக்கும். அவற்றை ஒட்டி, ரோட்டைப் பார்த்து, கடைப்பெயர் எழுதிய பெரிய விளக்குப் பலகை. அதைத் தாங்க உயரமாக ஒரு சுவர். இன்னொரு பக்கம் தகரக் கூரை போட்ட நீளமான ஹால். விற்பனைக்கு நிற்கும் பெண்கள் தங்குவதும் சாப்பிடுவதும் அங்கே. கடைக்குள் இருக்கிற சூடெல்லாம் எங்கே போகிறது என்று யாராவது கேட்டால் அந்த ஹாலைக் காட்டினால் போதும்.

பேச்சியை அங்கேதான் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஈரச்சேலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யக்கா, ஏசி பாக்க நீங்கதான் வந்தியளா? ஆம்பளையாளு யாரும் வரலையா?"

"ஆம்பளையாளு காளியாப் போயிட்டாரு."

அவள் சிரித்த சிரிப்பில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவருக்கொருவர் வயது கேட்டுக்கொண்டதில் 'யக்கா' போய் 'ட்டி' வந்துவிட்டது.

ஈரச்சேலையின் விவரம் இது. கடையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சேலை, ஆளுக்கு இரண்டு. ஒன்று உடம்பில், ஒன்று தோய்க்க. துவைத்தால் கலந்துபோகும் என்பதால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் அழியாத மையில் ஆள் நம்பர். கசங்கின சேலையோடு நின்றால் அபராதம். மாடியில் துணி காயப்போடக் கொடி கட்டக் கூடாது. சூப்பர்வைசர் துரையிடம் நானே ஒருமுறை கேட்டேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கொடி கட்டினால் என்ன என்று.

"கொடி கட்டுனா ரோட்டுலேர்ந்து பாக்கவங்களுக்குக் கட தர்மாஸ்பத்திரி மாரி தெரியும்மா" என்றார்.

அதனால் பெண்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வெளிப்பெட்டி பக்கவாட்டில் காற்றை இழுத்து, மேலே இருக்கும் விசிறி வழியாகச் சூடாக வெளியே தள்ளும். இரண்டு பெட்டிகளுக்கு மேலே குறுக்காக ஒரு கம்பி. அதில் சேலையை மடித்துப் போட்டால், சாப்பிட்டுக் கை கழுவும் முன் காய்ந்துவிடும். விசிறிக் காற்றில் சேலைகள் உப்பி நிற்கும். எங்கள் கடற்கரையில் பாய் விரித்த வள்ளங்கள் நிற்கிற மாதிரி இருக்கும். நான் பார்த்த வெந்நீர் மெஷின், கொதிகலன், வெப்பச் சேமிப்பு எல்லாவற்றிலும் அதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. வீணாகப் போகிற சூட்டைப் பிடித்து வேலை வாங்குவதைப் பற்றி எங்களுக்குப் பாலிடெக்னிக்கில் ஒரு பாடமே இருந்தது. அதை நடத்தியவர் இந்த மாடியைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கீழே குளிர் போதுமானதும் மெஷின் தானாக நிற்கும். விசிறி நின்றால் சேலை தொங்கும். தொங்கினது நழுவிப் பக்கவாட்டில் விழுந்து, மறுபடி மெஷின் ஓடத் தொடங்கும்போது உள்ளே இழுபட்டுத் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். மூக்கையும் வாயையும் பொத்தினால் நாம் என்ன செய்வோமோ அதையே மெஷினும் செய்யும். கொஞ்ச நேரம் திணறும், அப்புறம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

அது தசரா நாட்களின் நடுவே வந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பட்டுத் தளம் நிறைய கல்யாண வீட்டுக்காரர்கள். பாதி யாவாரத்தில் குளிர் நின்றுவிட்டது. நான் பூசை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை, மாதா கோயில் வாசலிலேயே சாரின் போன்.

மாடிக்குப் போனால், நினைத்த மாதிரியேதான். ஓரத்துப் பெட்டியின் முதுகில் ஒரு சேலை அப்பிக்கொண்டிருந்தது. ஆவி பறந்தது. கையில் துணி சுற்றிக்கொண்டு உரித்தெடுத்தேன். தகட்டின் கோடுகள் வரிவரியாகச் சேலையில் பதிந்திருந்தன. ஓரத்தில் நம்பர் தெளிவாக இருந்தது.

பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. பேச்சி.

"அது எஞ்சேலட்டி."

"தெரியும்."

"தொர அண்ணன் கீழ எல்லார்ட்டயும் சொல்லிட்டாரு. யாரு சேல விழுந்துச்சின்னு தெரிஞ்சா இன்னைக்கே ஊருக்கு பஸ் ஏத்தி விடுதாராம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஊருக்குப் போனா அடுத்த முகூர்த்தத்துல மாமா மவனுக்குக் கெட்டி வச்சிருவாவ. இங்கன வேல இருக்கப்போயிதான் தள்ளித் தள்ளிப் போட்டுட்டு வாரேன். அவன் எப்படின்னா, அவன் அம்மையே அவன் வந்தா கதவு தெறக்க யோசிப்பா."

அவள் அழவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நானும் சேலையைக் கணக்காக மடித்தேன். நம்பர் உள்ளே போகும்படி மடித்து டூல் பையில், ஸ்பேனர்களுக்குக் கீழே வைத்தேன்.

"நீ சாப்பிடப் போ" என்றேன்.

தகட்டைக் கழுவி, மெஷினை ஓட்டி, குழாயில் அழுத்தம் பார்த்தேன்; சூடு வெளியேற வழியில்லாவிட்டால் அது ஏறிக்கொண்டே போகும். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதுதான் முக்கியம். சேலையை எடுத்த பிறகும், கழுவின பிறகும், அழுத்தம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. ஏன் என்று சுற்றி வந்து பார்த்தேன். விளக்குப் பலகைக்காக எழுப்பின சுவர் பெட்டியின் முதுகை உரசாத குறையாக நின்றது. ஒரு முழமாவது இடம் விட வேண்டிய இடத்தில் ஒரு சாண்கூட இல்லை. மேலே போகிற அனல் பலகையில் முட்டி, திரும்ப அதே சந்துக்குள் இறங்கியது. மெஷின் தான் விட்ட மூச்சையே தானே இழுத்துக்கொண்டிருந்தது. சேலை விழாவிட்டாலும் அது தீபாவளிக்குள் நின்றிருக்கும்.

துரை மாடிப்படியில் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேலே இருப்பவரிடம் வாங்குகிற திட்டை அப்படியே கீழே இறக்கிவிடுகிறவர், அவ்வளவுதான்.

"என்னம்மா கெடந்துச்சு?"

"சேல."

"எடு, நம்பரப் பாப்போம்."

"எடுக்க மாட்டேன்."

சரியாகக் காதில் விழாதவர் போல, கையை நீட்டியபடியே நின்றார்.

"மெசினு நின்னதுக்குச் சுவருதான் காரணம். வாங்க, காட்டுதேன்" என்றேன்.

"சுவரு எந்திரிச்சி வந்து மெசினுக்குள்ள விழுந்துச்சாக்கும். ஏ பிள்ள, சேலையக் குடு."

"தரமாட்டேன்."

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் பெண்பிள்ளை பதறுகிறாள் என்பார்கள், அழுதால் பாவம் என்பார்கள். நிதானமாக மறுத்தால் அதற்கு அவர்களிடம் பெயர் கிடையாது. டூல் பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டேன். "அண்ணாச்சிட்ட வந்து சொல்லு இத" என்றார். "வாங்க" என்று நானே முன்னால் இறங்கினேன்.

கடை முதலாளியைச் சின்னப் பிள்ளைகள் முதல் போலீஸ்காரர் வரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்த்தளத்தில் கல்லாவில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். துரை வாயைத் திறக்கவும் வாசலில் மேளம் அதிரவும் சரியாக இருந்தது. தசராக் குழு. கூட்டம் விலக, காளி உள்ளே வந்தாள்.

சிவப்புப் பட்டு, இரண்டு பக்கமும் அட்டைக் கைகள், தலையில் பாரமான கிரீடம், வாயில் வீரப்பல், மார்பு வரை தொங்கும் நாக்கு, கையில் காணிக்கைத் தட்டு. மீசையை எப்படி மறைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் நடையை மறைக்க முடியவில்லை. ஏணி தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கின நடை. இசக்கி அண்ணன்தான்.

அண்ணாச்சி எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார். துரை அவர் காதருகே, "அண்ணாச்சி, இந்தப் பிள்ள சேலைய வச்சிக்கிட்டுத் தரமாட்டேங்கு" என்றார். "சாமி நிக்கிது, செத்த சும்மா இரும்வே" என்றார் அண்ணாச்சி. தட்டில் பணமும் எலுமிச்சம்பழமும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, காளியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தாயே, யாவார நேரத்துல இப்படிக் கட வெந்து போச்சே. நான் என்ன கொற வச்சேன்?"

வேஷத்தில் இருப்பவரிடம் வாக்குக் கேட்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். காளி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் தோளில் இருந்த பையைப் பார்த்தாள். பொய் சொல்லக் கூடாத காலம் வேறு. வீரப்பல்லுக்கு நடுவிலிருந்து கரகரவென்று வந்தது வாக்கு.

"என்னய என்னத்துக்குக் கேக்க? ஏசி பிள்ள நிக்கில்லா, அதுட்டக் கேளு."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி மெதுவாக என் பக்கம் திரும்பினார். அம்மன் கேட்கச் சொன்ன பிறகு கேட்காமல் இருக்க முடியுமா?

சொன்னேன். சுவர், சந்து, திரும்பி வரும் அனல். சேலையும் விழுந்திருந்தது, மறைக்கவில்லை. சேலை விழாவிட்டாலும் மெஷின் நின்றிருக்கும். இரண்டு வேலை செய்ய வேண்டும்: சுவரில் பெட்டிக்கு நேரே இருக்கும் பகுதியை இடித்துக் கம்பி வலை போட வேண்டும், தொட்டிக்குப் பின்னால் பெண்கள் துணி காயப்போட ஒரு கொடி கட்ட வேண்டும்.

அண்ணாச்சி முழுவதையும் கேட்டார். யாவாரி அல்லவா, கேட்பதில் குறை வைக்க மாட்டார். பிறகு சொன்னார்:

"சுவர பெறவு பாப்போம். சேல யாருதும்மா?"

"அதச் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

"பையத் தெற" என்று துரை என் பையின் வாரைப் பிடித்தார்.

யோசித்துவைத்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், கழுத்தில் சிலுவை கிடக்கிறது. ஆனால் குலசைக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவள். தட்டில் விழுந்ததை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்பது எங்கள் ஊரில் ஞானஸ்நானம் வாங்கின குழந்தைக்கும் தெரியும். வாரை விடுவித்துக்கொண்டு பையைத் திறந்தேன். மடித்த சேலையை எடுத்தேன். இன்னும் ஈரம், கரி, தூசி. அதைக் கொண்டுபோய்க் காளியின் தட்டில், எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

துரையின் கை தட்டை நோக்கி நீண்டது.

"ஏலே தொர" என்றார் அண்ணாச்சி. சத்தமே இல்லாமல் சொன்னார். "தட்டுல கைய வைக்காத."

அந்தக் கை அப்படியே நடுவில் நின்றது. காளி சேலையை ஒரு பார்வை பார்த்தாள். இசக்கி அண்ணன் என்ன நினைத்தார் என்று பிறகு கேட்டிருக்கிறேன். "கிரீடம் கழுத்த ஒடிச்சிது, வேற ஒண்ணும் நெனைக்கல" என்றார். மாலை போட்டிருந்தபோது கேட்ட கேள்வி, அதனால் உண்மையாகத்தான் இருக்கும். அப்போது அவர் கண்ணைக் காட்டினார், மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார், காளி திரும்பி வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.

அதோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். வரிசை போடுகிறவளுக்கு இப்படி ஒரு ஓட்டை. ஆளுக்கு இரண்டு சேலை. ஒன்று காளியோடு போய்விட்டது. யாரிடம் ஒன்று குறைகிறது என்று எண்ணினால் தெரிந்துவிடுமே. துரைக்கு அது எனக்கு முன்னால் தோன்றிவிட்டது. அன்று சாயங்காலமே, எல்லோரும் ரெண்டாவது சேலையைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று மாடிக்குப் போயிருக்கிறார்.

நடந்ததைப் பேச்சி சொல்லித்தான் கேட்டேன். ஹாலுக்கு வெளியே, இருந்த வாளி, அண்டா, குளிக்கிற பேசின் எல்லாவற்றிலும் சோப்பு நுரை. அத்தனை பேரின் சேலையும், பாவாடையும், மற்ற உள்துணியும் ஒன்றாக ஊறிக் கிடந்தன.

"எல்லாரும் ஒரே நாளா தோய்ப்பிய?" என்றாராம் துரை.

"தசராக்கு ஊரே தோய்க்கில்லா அண்ணே" என்றாளாம் ஒருத்தி. "எண்ணணும்னா எண்ணிக்கிடுங்க. கைலிய மடிச்சிக் கெட்டிக்கிட்டு இறங்குங்க. பைய பாத்து எடுங்க, பாவாடையெல்லாம் கெடக்கு."

அவர் நுரையைப் பார்த்தார், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார், இறங்கிப் போய்விட்டார். மறுநாளும் வாளிகள் நிறைந்திருந்தன. அதற்கடுத்த நாளும். கடையில் சோப்புச் செலவு கூடிப்போனது என்று ஒரு பேச்சு.

சேலையை இசக்கி அண்ணனிடம் திருப்பிக் கேட்டேன். வேஷத்தைக் கலைக்காமல் டீக்கடைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தட்டுல விழுந்தது அம்மனுக்கு. நான் குடுக்க முடியாது" என்றார்.

"அண்ணே, அவளுக்கு இருக்கதே ரெண்டு சேல."

"அத அம்மன்ட்ட சொல்லிட்டேன்."

துவைத்து, காயவைத்து, குலசையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். பேச்சிக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நல்லாருக்குட்டி. எஞ்சேலைய அம்மனுக்குச் சாத்திட்டு என்னய ஒத்தச் சேலையோட நிப்பாட்டிட்டிய ரெண்டு பேரும்." தீபாவளிக்குக் கடையில் புதுச் சேலை கொடுக்கும்வரை மற்றப் பெண்கள் முறை வைத்துத் தங்கள் சேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். யாருடைய நம்பர் யார் இடுப்பில் என்று கடைசிவரை துரைக்குப் பிடிபடவில்லை.

எனக்கு வந்தது வேறு. அண்ணாச்சி சாருக்குப் போன் செய்திருந்தார். சார் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு வார்த்த மன்னிப்பு கேட்டிரும்மா" என்றார்.

"எதுக்கு சார்?"

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"எதுக்குன்னு சொல்லுங்க, கேக்கேன்."

சார் யோசித்தார். நல்ல மனிதர், உண்மையாகவே யோசித்தார். காரணம் கிடைக்கவில்லை. அந்தக் கடைக்கு இனி நான் போக வேண்டாம் என்று முடித்துக்கொண்டார். எனக்குக் கடற்கரைப் பக்கத்து மீன் குளிர்பதன அறைகளைக் கொடுத்தார். தண்டனை என்று நினைத்துக் கொடுத்தார். உப்புக்காற்று தகட்டை என்ன செய்யும் என்று நான் அங்கேதான் கற்றேன். இன்றைக்கு என் பெயரில் ஒரு சின்னக் கம்பெனி நடப்பது அந்த உப்பில்தான்.

தீபாவளி கழிந்து ஒருநாள் அந்தக் கடை வழியாகப் பஸ்ஸில் போனேன். விளக்குப் பலகைக்குக் கீழே, சுவரில் பெட்டிகளுக்கு நேரே ஒரு திறப்பு, அதில் கம்பி வலை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். கொடி கட்டவில்லை என்று பேச்சி சொன்னாள். அதை நான் மன்னிக்கவில்லை.

இப்போது அந்தக் கடை அந்தப் பெயரில் இல்லை. அண்ணாச்சி காலமானபின் மகன்கள் பிரித்துக்கொண்டார்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டாயிற்று. தகர ஹாலை இடித்துவிட்டார்கள், பெண்கள் காலையில் வேனில் வந்து இரவு வேனில் போகிறார்கள். சேலை போய்ச் சுடிதாரும் கோட்டும் வந்துவிட்டது. வெளிப்பெட்டிகளை இரும்புச் சட்டத்தில் ஏற்றி ஆள் எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறார்கள், அவற்றின் மேல் கம்பி கட்ட முடியாது. இசக்கி அண்ணன் ஷார்ஜாவில் இருக்கிறார், புரட்டாசியில் அங்கிருந்தே விரதம். உப்பி நின்ற அந்தச் சேலைகளை ஒரு போட்டோகூட எடுக்கவில்லை நான். அப்போது அது எனக்கு வேலையிடம், காட்சி இல்லை.

துரையைப் போன மாதம் வண்ணார்பேட்டையில் பார்த்தேன். ஒரு நகைக்கடை வாசலில் விசில் ஊதி வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, டீ வாங்கிக் கொடுத்தார். குடும்பம், உடம்பு, மழை எல்லாம் பேசினோம். கிளம்பும்போது கேட்டார்.

"இப்பமாச்சும் சொல்லும்மா. கட போச்சு, அண்ணாச்சி போயிட்டாரு. அந்தச் சேல யாருது?"

"சொல்ல மாட்டேன் அண்ணே."

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் மாமா மகனைக் கட்டிக்கொள்ளவில்லை, வேறொரு ஊரில் நன்றாக இருக்கிறாள், அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. இவ்வளவு தூரம் நண்பரைப் போலக் கேட்டுக்கொண்டு வந்த உங்களுக்கும்தான். பேச்சி என்பது நான் வைத்த பெயர்.